எட்டு நண்பர்கள், 12 ஏக்கர், ஒரே கல்லாப்பெட்டி: கொங்கு நாட்டில் நடக்குமா?

கோவையில் வேலை பார்க்கும் எட்டு நண்பர்கள், அதில் இரண்டு ஜோடி புருஷன் பெண்டாட்டி, தாராபுரம் பக்கம் 12 ஏக்கர் வாங்கிக் குடியேற நினைக்கிறார்கள். வருகிற பணமெல்லாம் ஒரே பெட்டிக்குப் போகும், ஒரே அடுப்பில் சமையல், யாரும் யாருக்கும் முதலாளி இல்லை. அமெரிக்காவில் இப்படி வாழ்கிறார்களாமே, நம் பக்கம் நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் இன்னொன்றையும் போட்டிருக்கிறீர்கள்: "ரெண்டே வருஷத்துல அடிச்சுக்கிட்டுப் பிரிஞ்சிருவீங்கன்னு எங்கப்பா சொல்றாருங்க." உங்கள் உண்மையான கேள்வி இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். நடக்குமா என்பதை விட, எதனால் உடையும் என்பதே உங்களுக்குத் தெரிய வேண்டியது.

நான் கூட்டுறவுத் துறையில் தணிக்கையாளராக ஈரோடு, காங்கயம், தாராபுரம் வட்டாரத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது உழவர் குழுக்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். இப்படிப்பட்ட சமூகத்தில் நான் வாழ்ந்ததில்லை, வக்கீலும் இல்லை. ஆனால் பத்துப் பேர் சேர்ந்து நடத்திய எதுவும் எந்தப் பக்கத்தில் கிழிகிறது என்பதைப் பேரேட்டில் பார்த்துப் பழகியவன். என் பதில் கணக்குப்பிள்ளை பதிலாகத்தான் இருக்கும்.

முதலில் உறுதியாகத் தெரிந்தது. ஆமாம், இப்படி வாழ்கிறார்கள், பல பத்தாண்டுகளாக வாழ்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ட்வின் ஓக்ஸ் என்ற சமூகம் 1967இல் ஆரம்பித்தது. தொடங்கியவர்களும் உங்களைப் போல எட்டுப் பேர்தான். இன்று ஏறக்குறைய 450 ஏக்கர், நூறு பேருக்குச் சற்று முன்பின். நிலம், வீடு, கார், தொழில் எல்லாம் சமூகத்துக்குச் சொந்தம். சாப்பாடு, உடை, மருத்துவம் எல்லாவற்றையும் சமூகம் பார்த்துக்கொள்கிறது. கைச்செலவுக்கு மாதம் ஒரு சிறு தொகை எல்லோருக்கும் ஒரே அளவில். பதிலுக்கு ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஏறக்குறைய 40 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: அந்த 40 மணிக்குள் சமையல், பாத்திரம் கழுவுவது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது, கணக்கு எழுதுவது எல்லாம் அடங்கும். மாட்டுக் கொட்டகையில் ஒரு மணி நேரமும், அடுப்படியில் ஒரு மணி நேரமும் ஏட்டில் ஒன்றுதான். கூடுதலாகச் செய்த மணிகளைச் சேர்த்துவைத்து விடுமுறையாக எடுத்துக்கொள்ளலாம். ஆரம்ப காலத்தில், யாருக்கும் பிடிக்காத வேலைக்கு அதிக மதிப்பெண், பிடித்த வேலைக்குக் குறைவு என்று வைத்துப் பார்த்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பின்னால் அதை விட்டுவிட்டு மணிக்கு மணி என்று மாறிவிட்டார்கள்.

இன்னொரு உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் விவசாயத்தை மட்டும் நம்பி வாழவில்லை. தோட்டமும் மாடும் பெரும்பாலும் சொந்தச் சாப்பாட்டுக்கு. பணம் வந்தது கயிற்று ஊஞ்சல் படுக்கை பின்னி விற்றதில், டோஃபு என்ற சோயா கட்டி செய்து விற்றதில், விதை உற்பத்தியில். முதல் சில வருடங்களில் அதுவும் போதாமல், உறுப்பினர்கள் முறை வைத்துக்கொண்டு வெளியூருக்குச் சம்பள வேலைக்குப் போய் அந்தச் சம்பளத்தைப் பொதுப்பெட்டியில் போட்டார்கள். 2024 மார்ச்சில் காட்டுத்தீ பரவி ஊஞ்சல் தொழில் நடந்த கிடங்கு எரிந்தது. அடுப்பு அணையாமல் மிச்சத் தொழில்கள் தாங்கின. மிசூரி மாநிலத்தின் ஈஸ்ட் விண்ட் சமூகம் நிலக்கடலை, பாதாம் வெண்ணெய் அரைத்து விற்கிறது. வர்ஜீனியாவிலேயே ஏகார்ன் சமூகம் விதை வியாபாரம் செய்கிறது. நிலம் மட்டும் வைத்துக்கொண்டு பெட்டி நிரம்பிய கதை அங்கேயும் அபூர்வம்.

இஸ்ரேலின் கிபுட்ஸ்களைப் பற்றி, அதாவது நிலமும் வருமானமும் பொதுவாக வைத்த கூட்டுப்பண்ணைக் குடியிருப்புகளைப் பற்றி, கேள்விப்பட்டிருப்பீர்கள். முதல் கிபுட்ஸ் டெகானியா, 1910. ட்வின் ஓக்ஸ்காரர்கள் தங்கள் குழந்தைகள் கட்டடத்துக்கே டெகானியா என்று பெயர் வைத்தார்கள், அவ்வளவு மரியாதை. அந்த டெகானியாவே 2007இல் சம சம்பளத்தைக் கைவிட்டு, வேலைக்கேற்ற சம்பளத்துக்கு மாறியது. 1980களின் கடன் நெருக்கடி, படித்த இளைஞர்கள் நகரத்துக்குப் போனது, கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டே சமத்துவம் பேசியது, இவையெல்லாம் சேர்ந்து இன்று பெரும்பாலான கிபுட்ஸ்கள் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். மூன்று தலைமுறை ஓடியிருக்கிறது. நம் ஊரில் மூன்று தலைமுறை பிரியாமல் ஓடிய கூட்டுக்குடும்பம் எத்தனை என்று உங்கள் அப்பாவிடமே கேளுங்கள்.

நம்மவர்களுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. காந்தி 1904இல் டர்பன் பக்கத்தில் தொடங்கிய பீனிக்ஸ் குடியிருப்பில் அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நிறம், நாடு பார்க்காமல் மாதம் 3 பவுண்டு என்று வைத்தார். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை. அங்கே சேர்ந்து சமைத்து, செருப்புத் தைத்து, தச்சு வேலை பார்த்து வாழ்ந்த சத்தியாகிரகிகளின் குடும்பங்களில் தமிழர்கள் நிறைய. ஆனால் அந்த 1,100 ஏக்கரும் ஹெர்மன் காலன்பாக் என்ற நண்பருக்குச் சொந்தம்; வாடகை இல்லாமல் கொடுத்திருந்தார். 1913இல் பண்ணை ஓய்ந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் எட்டுப் பேரில் ஒருவர்தான் பாதிப் பணம் போடப்போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, மற்றவர்கள் அவர் தோட்டத்தில் தங்கியிருப்பவர்கள் ஆகிவிடுவார்கள். கூட்டத்தில் அவர் இருமினாலே எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கமும் கூட்டுப்பண்ணையை முயன்றது. 1959இல் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுக் கூட்டுப்பண்ணைக்குத் தீர்மானம் போட்டது. அதை எதிர்த்துத்தான் ராஜாஜி அதே வருடம் சுதந்திராக் கட்சி கண்டார். நிலத்தைச் சேர்க்கும் அந்தத் திட்டம் நம் நாட்டில் வேர் பிடிக்கவில்லை. நிலத்தை அவரவரிடமே விட்டு மற்றதைச் சேர்ப்பதுதான் ஓரளவு ஓடுகிறது. 2017இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த கூட்டுப்பண்ணையத் திட்டம் அப்படித்தான்: சிறு குறு விவசாயிகள் நூறு பேர் ஒரு உற்பத்தியாளர் குழு, குழுவுக்கு 5 லட்சம் ரூபாய், அதில் பொதுவாக இயந்திரம் வாங்கிக்கொள்ளலாம். டிராக்டர் பொது, மகசூல் அவரவருக்கு. கேரளாவில் குடும்பஸ்ரீ என்ற அரசுத் திட்டத்தின் மகளிர் குழுப் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து நிலம் குத்தகை எடுத்து, வந்ததைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். உங்கள் யோசனைக்கு நம் அக்கம்பக்கத்தில் மிக அருகில் இருப்பது அதுதான். ஆனால் அவர்கள் சாயங்காலம் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

சரி, கொங்கு நாட்டுக்கு வருவோம். வருமானத்தை ஒரே பெட்டியில் போட்டு, ஒரே உலையில் சமைத்து வாழ்வது இங்கே புதிதே இல்லை. தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், அண்ணன் தம்பி நாலு பேர் குடும்பத்தோடு இருந்து பண்ணையம் பார்த்த காலம் இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கும். பெட்டி பொதுதான், சாவி ஐயனிடம், அதாவது வீட்டுப் பெரியவரிடம். மஞ்சள் விற்ற பணம் எவ்வளவு என்று மருமகளுக்குத் தெரியாது. அதுவும் வருமானப் பகிர்வுதான், சமத்துவம் மட்டும் இல்லை. அது உடைந்த விதத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றை எடுத்துப் படியுங்கள். க.ச. எண் என்கிற சர்வே எண், நான்கு மால் என்கிற நாலு பக்க எல்லை எல்லாம் சொல்லிவிட்டு, "மேற்படி காட்டிலுள்ள கிணற்றிலும், மோட்டார் பம்புசெட்டிலும், மின் இணைப்பிலும் பொதுவில் மூன்றில் ஒரு பங்கும், மாமூல் தடத்தில் ஆள், வண்டி, கால்நடை போக வர பாத்தியமும்" என்று வரும். சிலதில் யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர் முறை, கிணற்றுக்குச் சேறு எடுத்தால் செலவு யார் தலையில், ஒரு தென்னை மரம் வரப்பில் நின்றால் காய் யாருக்கு என்பது வரை இருக்கும். அண்ணன் தம்பிகள் இவ்வளவு நுணுக்கமாக எழுதியது பிரிந்த அன்று. சேரும் அன்றே எழுதிவிடுங்கள் என்பதுதான் இந்தப் பதில் முழுக்க நான் சொல்லப்போவது.

முதலில் எழுத வேண்டியது பணத்தைப் பற்றி அல்ல, வேலையைப் பற்றி. பணத்தைப் பங்கிடுவது சுலபம், எட்டால் வகுத்தால் முடிந்தது. நண்பர்கள் சேர்ந்து நடத்திய ஒரு தோட்டத்தின் வேலை நோட்டை எனக்குக் காட்டினார்கள். அழகாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள்: சொட்டுநீர்க் குழாய் சரி செய்தது 2 மணி, மோட்டார் எடுத்துவிட்டது அரை மணி, சந்தைக்குப் போய் வந்தது 4 மணி. ஒன்பது பேருக்கு மூன்று வேளை சமைத்தது எந்தப் பக்கத்திலும் இல்லை. அது இரண்டு பெண்கள் செய்த வேலை. யாரும் வேண்டுமென்று விடவில்லை, வேலை என்றால் வயல்காட்டில் நடப்பது என்று நினைத்துப் பழகிவிட்டோம். அந்த இரண்டு பெண்களும்தான் முதலில் வெளியேறினார்கள். உங்கள் குழுவில் மூன்று பெண்கள் என்று சொல்கிறீர்கள். அடுப்படி மணிகள் நோட்டில் ஏறாவிட்டால் உங்கள் அப்பா சொன்ன இரண்டு வருடம்கூட அதிகம் என்பேன்.

மாடு வாங்கப்போகிறீர்களா என்பதையும் யோசியுங்கள். கொங்கு நாட்டுத் தோட்டத்தில் கையில் புழங்கும் காசு பால் காசுதான். மஞ்சள் ஒன்பது பத்து மாதப் பயிர். வெட்டி, வேகவைத்து, காயவைத்து, ஈரோட்டில் ஏலத்துக்குக் கொண்டுபோகும்போது விலை இறங்கிக் கிடந்தால் மூட்டையைக் குடோனில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். தென்னை ஏறக்குறைய 45 நாளுக்கு ஒரு வெட்டு. இடைப்பட்ட நாட்களில் மளிகைக்கடைப் பாக்கியைக் கட்டுவது சங்கத்துப் பால் பணம். ஆனால் மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. விடியற்காலை ஐந்து மணிக்குள் பீச்சிச் சங்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும், சாயங்காலம் மறுபடியும். எட்டுப் பேரில் யாருக்குக் கை பழகுகிறதோ அவர் தலையில்தான் அது வந்து விழும், மற்றவர் கை வைத்தால் மாடு பால் விடாது. அவருடைய மணிகளை மட்டும் எண்ணினால் போதாது, அவர் ஊருக்குப் போக வேண்டுமென்றால் யார் பீச்சுவது என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

12 ஏக்கர் எட்டுப் பேருக்குச் சாப்பாடு போடுமா? சாப்பாடு போடும், தண்ணீர் இருந்தால். நகரத்தில் நீங்கள் பழகிய வாழ்க்கையை நடத்தாது. தாராபுரம் பக்கம் ஒரு நிலம் அமராவதிப் பாசனமா, பிஏபி என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு திட்ட வாய்க்காலில் முறை வைத்து வரும் தண்ணீரா, வெறும் போர்வெல்லா என்பதைப் பொறுத்து அதன் தலையெழுத்தே மாறும். மேட்டுக்காடாக இருந்தால், வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் விட்டுக் கொறங்காடாக்கிக் காங்கயம் மாடும் செம்மறியும் மேய்த்த பெரியவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆக, இரண்டு மூன்று பேராவது மடிக்கணினி வேலையைத் தொடரத்தான் வேண்டியிருக்கும். அப்போது வரும் கேள்விக்கு இப்போதே பதில் வேண்டும்: மாதம் ஒரு லட்சம் சம்பளம் வாங்குபவர் அதை முழுக்கப் பெட்டியில் போடுவாரா? ட்வின் ஓக்ஸில் இதற்குத் தெளிவான விதி உண்டு. சேர்வதற்கு முன் வைத்திருந்த சொத்து அவரவருக்கே, ஆனால் உள்ளே இருக்கும்வரை அதை எடுத்துச் செலவு செய்யக்கூடாது. சேர்ந்த பிறகு சம்பாதிப்பது பொது. இந்த இரண்டாவது வரியில் உங்கள் எட்டுப் பேரும் மனதாரக் கையெழுத்துப் போடுவார்கள் என்றால் மேலே பேசலாம். இல்லையென்றால் நீங்கள் செய்யப்போவது பொதுச் செலவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்ற ஏற்பாடு. அதுவும் நல்லதுதான், அதை அப்படியே சொல்லிக்கொள்ளுங்கள்.

இதில் வரி விஷயம் ஒன்று. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் சம்பளத்தைப் பெட்டியில் போட்டுவிட்டேன் என்பதால் அதற்கான வரி குறையாது, சம்பாதித்தவர் கட்டித்தான் ஆக வேண்டும். சொந்தக்காரர் அல்லாத ஒருவரிடமிருந்து சும்மா வரும் பணம் வருடத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் வாங்கியவர் கையில் வரி விழும். நட்பு என்பது சட்டத்தின் கண்ணில் சொந்தம் இல்லை. ஆடிட்டரிடம் கேட்டுப் பெட்டியை எந்த அமைப்பின் பெயரில் வைப்பது என்று முடிவு செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எட்டுப் பேரால் 12 ஏக்கரில் களை எடுத்து, மஞ்சள் வெட்டி முடிக்க முடியாது. ஆள் கூப்பிடுவீர்கள். பக்கத்துக் காலனியிலிருந்து அம்மாக்கள் வருவார்கள், ஆணுக்குக் கொடுப்பதில் பாதியோ சற்று மேலோதான் பெண்ணுக்குக் கூலி என்பது இன்றும் இங்கே பல ஊர்களின் வழக்கம். அவர்கள் உங்கள் சமத்துவத்துக்கு உள்ளேயா வெளியேயா? தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாளாக இருந்து, தனிக் குவளையில் காப்பி வாங்கிக் குடித்த சமூகத்து ஆட்களை வரப்பில் நிறுத்திவிட்டு, உள்ளே எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருமித்த முடிவு எடுப்பது எனக்கு உறுத்தும். எல்லோரையும் உறுப்பினராக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கே அது வேண்டாமாக இருக்கலாம், நாள் கூலி அன்றைக்கே கைக்கு வருவது அவர்களுக்கு முக்கியம். குறைந்தது ஆண் பெண் கூலியைச் சமமாக வையுங்கள், ஒரே தட்டில் சாப்பாடு போடுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் "கூலியக் கெடுக்கறீங்களே"ன்னு சண்டைக்கு வருவார்கள், நிச்சயம். ஊருக்குள் உங்களுக்கு வரும் முதல் உரசல் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்து நிலம். தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம், அதில் தடை இல்லை. எட்டுப் பேர் பெயரிலும் கிரயம் செய்து கூட்டுப் பட்டா வாங்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதில் இரண்டு ஆபத்து. கூட்டுச் சொந்தக்காரர் யாரும் தன் பிரிபடாத பாகத்தை வெளியாளுக்கு விற்கலாம், பாகம் கேட்டு வழக்கும் போடலாம். இரண்டாவது, ஒருவர் இறந்துவிட்டால் அவர் பாகம் வாரிசுகளுக்குப் போகும். பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று 1989இலேயே சட்டம் செய்த மாநிலம் இது, வாரிசு உரிமையை யாரும் லேசாக விட்டுக்கொடுக்க மாட்டார்கள், விட வேண்டியதும் இல்லை. ஆனால் அந்த வாரிசுகள் உங்கள் லட்சியத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல. அதனால் நிலத்தை ஒரு அமைப்பின் பெயரில் வைப்பது மேல். ஏழு பேர் இருந்தால் சங்கம் பதிவு செய்யலாம், அறக்கட்டளை வைக்கலாம், பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் உற்பத்தியாளர் நிறுவனம், அதில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. மூன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு உண்டு. சங்கத்திலும் பொது அறக்கட்டளையிலும் போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை நிலச் சட்டம் தெரிந்த வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

எந்த அமைப்பானாலும், விலகுபவருக்கு என்ன கிடைக்கும் என்ற பக்கத்தை முதலில் எழுதுங்கள். போட்ட முதல் வட்டியில்லாமல் திரும்புமா, எத்தனை தவணையில், நிலம் விலை ஏறியிருந்தால் ஏற்றத்தில் பங்கு உண்டா. ஏற்றத்தில் பங்கு கொடுத்தால் ஒருவர் போவதற்காக மற்றவர்கள் நிலத்தை விற்க வேண்டிவரும். கொடுக்காவிட்டால் பத்து வருடம் உழைத்தவர் வெறுங்கையோடு போவார். என் அபிப்பிராயம், முதல் திரும்ப வரட்டும், அதோடு இருந்த வருடங்களுக்கு ஏற்ப ஒரு தொகை, ஐந்து வருடத் தவணை. இது என் அபிப்பிராயம் மட்டுமே, விதி கிடையாது. ட்வின் ஓக்ஸில் ஆட்கள் வருவதும் போவதும் சாதாரணம். போகிறவரைத் துரோகி என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அவர் நிலத்தைப் பிய்த்துக்கொண்டு போக முடியாது.

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு நிச்சயமாகச் சொல்ல வருவது குறைவு. கிபுட்ஸ்கள் குழந்தைகளைத் தனி விடுதியில் தூங்கவைத்து வளர்த்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கைவிட்டன, ட்வின் ஓக்ஸும் அந்த முறையை விட்டுவிட்டது. பள்ளிக்கூட ஃபீஸ் பெட்டியிலிருந்து போகுமா, குழந்தை இல்லாதவர் அதற்குச் சம்மதமா, வயதான அப்பா அம்மா வந்து தங்கினால் யார் கணக்கு, தங்கை கல்யாணச் சீருக்கு எவ்வளவு எடுக்கலாம், மொய் யார் பெயரில் எழுதுவது என்பதெல்லாம் வெளிநாட்டு விதிப்புத்தகத்தில் இருக்காது. நம் ஊரில் பெட்டி காலியாவது இந்த வழிகளில்தான். சீர், காதுகுத்து, நோம்பி இதற்கெல்லாம் ஆளுக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகையை ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் கேள்வி கேட்காமல் இருப்பது நல்லது என்று படுகிறது.

இப்போதே கிரயம் செய்யாதீர்கள். அதே பகுதியில் கிணறும் சாளையும் உள்ள நாலைந்து ஏக்கர் தோட்டத்தை ஒரு வருடத்துக்குக் குத்தகைக்கு எடுங்கள், எழுத்தில். தை மாதம் ஆரம்பிக்க வேண்டாம், அப்போது எல்லாத் தோட்டமும் பச்சையாகத்தான் இருக்கும். மாசிக் கடைசியில் போங்கள், சித்திரை வைகாசியில் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். எட்டுப் பேரும் இருங்கள், வேலை நோட்டு முதல் நாளிலிருந்து ஓடட்டும், சமையலும் பாத்திரமும் முதல் இரண்டு கட்டங்களில். ட்வின் ஓக்ஸில் சேர விரும்புபவரே மூன்று வாரம் விருந்தாளியாக இருந்து வேலை செய்து காட்ட வேண்டும். உங்களுக்கு ஒரு வருடம் அதிகம் இல்லை. வாங்கும் கட்டம் வந்தால் முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், தாய்ப் பத்திரங்களில் கிணற்றுப் பங்கும் தடப் பாத்தியமும் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள், இலவச மின்சாரச் சர்வீஸ் செத்துப்போன தாத்தா பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் தோட்டங்கள் நம் பக்கம் ஏராளம்.